சூளைக்குள்ள ஒரு சுற்றுலா

போன்ல நீ சொன்னதையெல்லாம் கேட்டுக்கிட்டேன், பேராண்டி. சூலை மாசம் நாலு நாள் லீவு, கூட்டாளி மூணு பேரு, வாடகைக் காரு, கலிபோர்னியாவுல டெத் வேலி தேசியப் பூங்கா. ரொம்ப நல்ல காரியம். கோடை வந்தா சனங்க ஊட்டி, கொடைக்கானல்னு ஓடுவாங்க. நீ வெயில் எங்க கூட இருக்குன்னு தேடிப் பிடிச்சு, அட்வான்ஸ் கட்டி ரூம் போட்டுப் போறே. படிச்ச புள்ளை, காரணம் இல்லாம இருக்காது.

“தாத்தா, நான் கோவில்பட்டிக்காரன், எனக்கே வெயிலைக் காட்டுறீங்களா”ன்னு ஒரு வார்த்தை விட்டே பாரு, அதுக்காகத்தான் இவ்வளவும் பேச வேண்டியிருக்கு. நீ கோவில்பட்டிக்காரன்தான், யாரு இல்லேன்னா? ஆசுபத்திரியில ஃபேனுக்கு அடியில பொறந்தே. பள்ளிக்கூடத்துக்கு வேன்ல போனே, வேன்ல வந்தே. ஒரு சித்திரையில, பருத்திக் காட்டுக்குக் கஞ்சி கொண்டாடான்னு தூக்குவாளியைக் குடுத்து அனுப்பினா, பாதி வழியில வேப்ப மரத்தடியில உக்காந்து கஞ்சியை நீயே குடிச்சுட்டு, அங்கனயே படுத்துத் தூங்கிட்டே. நாங்க பசியோட வந்து உன்னை எழுப்பினோம். இதுதான் நீ வெயிலைக் கண்ட லட்சணம்.

ஆனா அந்த வேப்ப மரத்தை மட்டும் நல்லா ஞாபகம் வச்சுக்க. நம்மூரு வெயிலும் ஆளைக் கொல்லுற வெயில்தான். கொல்லாம விடுறதுக்குக் காரணம், கூப்பிடு தூரத்துல ஒரு மரம் இருக்கும். மரம் இல்லேன்னா பம்புசெட்டு ரூம் இருக்கும். அதுவும் இல்லேன்னா ஆடு மேய்க்கிற பயல் ஒருத்தன் சுரைக்குடுக்கையோட நிப்பான், இப்ப பிளாஸ்டிக் பாட்டிலோட நிக்கான். ரோட்டுக்கு வந்துட்டா டீக்கடை. இதெல்லாம் சேந்துதான் நம்ம வெயிலு. நீ போற எடத்துல வெயில் மட்டும் தனியா இருக்கு. தூத்துக்குடி, விருதுநகர், ராமநாதபுரம் மூணு சில்லாவையும் ஒட்டவச்சாக்கூட அந்தப் பூங்கா அதைவிடக் கொஞ்சம் பெருசு. 13,000 சதுர கிலோமீட்டருக்கு மேல. அதுக்குள்ள பெட்ரோல் கிடைக்கிற எடம் ஒரு கையில எண்ணி முடிக்கிற அளவு, டீக்கடை கிடையாது. நான் பாத்தவரைக்கும் ஒரு ஆடு கிடையாது.

நானும் உங்க பாட்டியும் அங்க போனது தை மாசம். உங்கப்பன் கூட்டிட்டுப் போனான். அவ ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு, “இதுக்குத்தானா இம்புட்டு பயங்காட்டுனீங்க”ன்னு கேட்டா. தையில அப்படித்தான் இருக்கும். நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும் அங்க மனுசன் நடக்கலாம், உக்காரலாம், சோறு திங்கலாம். நீ அந்த அஞ்சு மாசத்தையும் கவனமா ஒதுக்கி வச்சுட்டு, சூலையைப் பொறுக்கி எடுத்திருக்கே பாரு, அந்த சாமர்த்தியம் யாருக்கு வரும்!

அங்க இருந்தவங்க யாருக்கும் வரலை. டிம்பிசா ஷோஷோனின்னு ஒரு சனம், பூர்வகுடி. ஆயிரம் வருசத்துக்கு மேல அந்தப் பள்ளத்துல குடியிருக்காங்க. அந்த எடத்துக்குச் சாவுப் பள்ளத்தாக்குன்னு பேரு வச்சதே அவங்களுக்குப் பிடிக்காது. 1933ல பூங்கான்னு எல்லை போட்டவன் அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. 2000 வரைக்கும் அலைஞ்சுதான் 7,700 ஏக்கர் சொச்சம் அவங்க கைக்குத் திரும்ப வந்துச்சு. சரி, நான் சொல்ல வந்தது வேற. அந்த மண்ணுலயே பொறந்த அந்த ஆளுங்க கோடை வந்தா என்ன செய்வாங்க தெரியுமா? மூட்டையைக் கட்டிக்கிட்டு மலைக்கு ஏறிருவாங்க. மேல பைன் மரத்துக் கொட்டையைப் பொறுக்கித் தின்னுட்டு, வெயில் தணிஞ்ச பொறவுதான் கீழ எறங்குவாங்க.

அடுத்து வந்தவன் வெங்காரக் கம்பெனிக்காரன். நம்ம ஆசாரிமாரு தங்கத்தைப் பத்த வைக்கப் போடுவாங்களே, அதே வெங்காரம். 1883ல அங்க ஆலை போட்டான். சீனாவுல இருந்து வந்த கூலியாளுங்களை வச்சு உப்புத் தரையில இருந்து சுரண்டி எடுத்து, காய்ச்சி வடிச்சு, வண்டியில ஏத்தினான். 20 உருப்படி இழுக்கிற வண்டி. அதுல 18 கோவேறு கழுதை, ரெண்டு குதிரை. மொஹாவி ரயில்வே ஸ்டேசனுக்கு 265 கிலோமீட்டர், பத்து நாள் பயணம். ரெண்டு வண்டி சரக்கு. பின்னாடி மூணாவதா ஒரு வண்டி கட்டியிருக்கும். அதுல என்ன இருந்துச்சுன்னு நெனைக்கே? தண்ணி. 4,500 லிட்டர் தண்ணி. லாபத்துக்கு அலையற கம்பெனிக்காரன், சரக்கு ஏத்த வேண்டிய எடத்துல ஒரு வண்டி தண்ணியைக் கட்டி இழுத்தான்னா, அவன் முட்டாளா? அந்தக் கம்பெனியும் கோடையில ஆலையைச் சாத்திரும். கருணையால இல்லே. அந்தச் சூட்டுல தொட்டியில இருக்கிறது ஆறாது, ஆறலேன்னா வெங்காரம் கட்டாது. அதனால கோடைக்கு வேற எடத்துல இருந்த ஆலைக்கு வேலையை மாத்திருவான்.

ஆக, மண்ணுக்காரன் மலைக்குப் போயிட்டான், முதலாளி கடையைச் சாத்திட்டான். காலியா கிடக்குதே, பாவம்னு நீ போறே.

எதுக்குப் போறேன்னும் எனக்குத் தெரியும். ஃபர்னஸ் கிரீக்ல பூங்கா ஆபீசு வாசல்ல பெரிய எழுத்துல டிகிரி காட்டுற போர்டு ஒண்ணு இருக்கு. அதுக்குப் பக்கத்துல நின்னு படம் எடுக்கணும். சில பேரு கம்பளிக் கோட்டு போட்டுக்கிட்டு நிப்பாங்களாம். நீயும் உங்க பாட்டி ஸ்வெட்டரைக் கேக்காம இருந்தாச் சரி. 1913 சூலை 10ல அந்த எடத்துல 56.7 டிகிரி அடிச்சதுன்னு எழுதி வச்சிருக்கு, உலகத்துக்கே அதுதான் உச்சம். அந்தக் கணக்கு கொஞ்சம் ஊதிவிட்டதுன்னு சண்டை பிடிக்கிற வானிலைக்காரங்களும் இருக்காங்க. 2020லயும் 2021லயும் 54 டிகிரியைத் தொட்டுச்சு, அதுக்குச் சண்டையில்லாம ஒத்துக்கிட்டாலே உனக்குப் போதும். இதெல்லாம் காத்தோட சூடு, நிழல்ல வச்சு அளந்தது. தரையோட சூடு தனி. 1972 சூலையில 93.9 டிகிரி. தண்ணி கொதிக்க ஆறு டிகிரி பாக்கி.

ராத்திரி குளுந்துரும்னு நெனைக்காதே. பாலைவனம்னா ராத்திரி குளிரும்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பே. அந்தப் பள்ளத்துல சூலை ராத்திரி 30 டிகிரிக்கு மேலயேதான் பெரும்பாலும் நிக்கும். ரெண்டு பக்கமும் ஒசந்த மலை. மேல ஏறுற சூடு வெளிய போக வழியில்லாம திரும்பவும் அதே பள்ளத்துக்குள்ள எறங்கும். கூடாரம் கொண்டு போறேன்னு சொன்னியே, கொண்டு போ. வேக வச்ச கொழுக்கட்டை எப்படி இருக்கும்னு விடியக்காலையில நீங்க நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துத் தெரிஞ்சுக்கலாம்.

இப்ப நீ அனுப்பின சாமான் லிஸ்டுக்கு வருவோம். வாசிச்சுக் காட்டச் சொல்லி ரெண்டு தடவ கேட்டேன். ட்ரோன் இருக்கு. பாட்டுப் பெட்டி இருக்கு. நாலு பேருக்கும் ஒரே மாதிரி தொப்பி, அதுல பேரு அடிச்சு. பீர் வைக்க ஐஸ் பெட்டி. ‘தண்ணி – ஒரு கேஸ்’. அவ்வளவுதான்.

ட்ரோனை வீட்டுலயே வச்சுட்டுப் போ. 2014ல இருந்து அமெரிக்க தேசியப் பூங்கா எதுலயும் அதைப் பறக்கவிடக் கூடாது, பிடிச்சா அபராதம். பாட்டுப் பெட்டியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலை. அங்க கேக்கறதுக்கு ஆளு கிடையாது, உன் ரசனையால யாருக்கும் பாதகம் இல்லே.

அந்த ஒரு கேஸ் தண்ணிதான் எனக்குப் புரியலை. பூங்காக்காரங்களே ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைஞ்சது நாலு லிட்டர்னு சொல்றாங்க. நடந்தா இன்னும் கூட. நாலு பேரு, நாலு நாளு. நீ கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுறவன், நான் விரல்ல போடுறேன்: 64 லிட்டர். நம்மூரு கேன் தண்ணியில மூணு கேனும் மேல நாலு லிட்டரும். இது குடிக்க மட்டும். காருக்குத் தனி. “போற வழியில வாங்கிக்கலாம் தாத்தா”ம்பே. வாங்கலாம், கடை இருக்கற மூணு எடத்துல இருக்கும்போதெல்லாம் வாங்கலாம். உனக்குத் தாகம் எடுக்கிறது அந்த மூணு எடத்துக்கு நடுவுல. இன்னொண்ணு, அங்க வேர்க்கிறதே தெரியாது. நம்ம பக்கம் சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டும், அப்பவே ஆளு உசாராயிருவான். அந்தக் காத்து அவ்வளவு வறண்டது, வேர்வை தோலுக்கு வந்த உடனே காணாமப் போயிரும். சட்டை காஞ்சு கிடக்கும், உடம்பு உள்ள வத்திக்கிட்டே போகும். தலை வலிக்கும், வாந்தி வரும். அப்ப “நான் நல்லாத்தான் இருக்கேன்”னு சொல்றவனை முதல்ல தூக்கி ஏசியில போடு. வெறும் தண்ணியா குடிச்சுக்கிட்டே இருந்தாலும் ஆகாது, உப்பும் சேரணும். உங்க பாட்டி போட்ட நாரத்தங்கா ஊறுகா ஒரு பாட்டில் உங்கிட்ட இருக்கே, மூணு வருசமா தொடாம, அதைத் தூக்கிப் போட்டுக்க. அவளுக்கும் சந்தோசம்.

பீரைப் பத்தி ஒரு வார்த்தை. அது உடம்புத் தண்ணியை வெளிய தள்ளுற சரக்கு. ஐஸ் பெட்டியில இருக்கட்டும், ஐஸ் உதவும்.

காலுக்கு என்ன போடுறே? செருப்புன்னு சொல்லிராதே. மெஸ்கீட் ஃப்ளாட்னு ஒரு மணல்மேடு, படம் எடுக்க எல்லாரும் அங்கதான் ஏறுவாங்க. 2024 சூலையில பெல்ஜியத்துல இருந்து வந்த ஒருத்தர் அந்த மணல்ல நடக்கும்போது செருப்பு கழண்டு போச்சு, இல்லே உருகிப் போச்சு. வெறுங்காலோட வண்டிக்கு வந்து சேர்றதுக்குள்ள ரெண்டு காலும் வெந்து தோல் உரிஞ்சு போச்சு. கார் நிறுத்தின எடத்துல நின்ன சனங்கதான் தூக்கிட்டு வந்தாங்க. ஹெலிகாப்டரை வரச் சொன்னாங்க. அது அங்க எறங்க முடியலை. ஏன்னா, காத்து ரொம்பச் சூடானா லேசாயிரும், விசிறிக்குப் பிடிமானம் இருக்காது. 49 டிகிரிக்கு மேல போனா பொதுவா அவங்க ஹெலிகாப்டரை எடுக்கிறதில்லே. மலைப்பக்கம் கொஞ்சம் ஒசரத்துக்கு ஆம்புலன்சுல கொண்டு போயித்தான் ஏத்தினாங்க. ‘ஏதாவது ஒண்ணுன்னா ஹெலிகாப்டர் வந்துரும்’னு உன் கூட்டாளி ஒருத்தன் பின்னாடி இருந்து சத்தம் போட்டானே, அவன்கிட்ட இதைச் சொல்லு. ஹெலிகாப்டருக்கே வெயில் ஒத்துக்கலையாம், அவனுக்கு ஒத்துக்கும்போல.

காலையில பத்து மணிக்கு மேல பள்ளத்துல நடக்காதேன்னு அங்க போர்டே வச்சிருக்காங்க. நீ ஞாயித்துக்கிழமை எந்திரிக்கிறதே பத்து மணிக்கு. பயண நேரத்தை எப்படி அமைக்கப் போறேன்னு பாக்க எனக்கும் ஆசையாத்தான் இருக்கு.

முட்டை பொரிக்கிற எண்ணம் இருந்தாலும் விட்டுரு. 2013ல அப்படித்தான் வர்றவன் போறவன் எல்லாம் தரையில முட்டையை உடைச்சு ஊத்தி, வேகுதா வேகுதான்னு பாத்துட்டு, ஓடும் கூழுமா போட்டுட்டுப் போனான். கூட்டிப் பெருக்க முடியலேன்னு பூங்காக்காரங்க கெஞ்சினாங்க. சட்டி இருந்தா வேகும், சட்டி இல்லேன்னா வேகாது. இதைக் கண்டுபிடிக்க அமெரிக்கா போகணுமா?

கார். இதைத்தான் நீ ஒண்ணுமே சொல்லலை, “ரெண்டல்தானே தாத்தா”ன்னு முடிச்சுட்டே. கடையில இருந்து எடுக்கும்போதே டிக்கியைத் திற. அடியில அட்டையைத் தூக்கிப் பாரு. ஸ்டெப்னி இருக்கா, இல்லே காத்தடிக்கிற சின்னப் பெட்டி ஒண்ணை வச்சு ஏமாத்தியிருக்கானா? இப்ப வர்ற பாதி வண்டியில ஸ்டெப்னியே கிடையாது. இருந்தா, அதுல காத்து இருக்கான்னு கட்டைவிரலால அமுக்கிப் பாரு. ஜாக்கி எங்க வைக்கணும்னு தெரியுமா? தெரியாதுன்னு எனக்குத் தெரியும். வீட்டு வாசல்ல, நிழல்ல, ஒரு தடவ ஒரு சக்கரத்தைக் கழட்டி மாட்டு. அந்தப் பக்கம் மண் ரோட்டுல கிடக்கிற கல்லு கத்தியாட்டம் கூரு. ரேஸ்ட்ராக்னு ஒரு காஞ்ச ஏரிக்குப் போற ரோடு 43 கிலோமீட்டர், தகரக் கூரை மேல ஓட்டற மாதிரி இருக்கும்னு உங்கப்பன் அந்தப் பக்கம் திரும்பவே இல்லே. நல்ல ஒசரமான வண்டி, கெட்டி டயர் இல்லாதவன் போகக் கூடாது. டயர் போயிட்டா கட்டி இழுத்துட்டு வர ஆயிரம் டாலருக்கு மேல ஆகும். வாடகைக் காரு பத்திரத்துல மண் ரோட்டுல ஓட்டக் கூடாதுன்னு பொடி எழுத்துல இருக்கும், அதையும் படி.

அந்த ஏரியில கல்லு தானா நகருதாம்லன்னு கேப்பே. ஆமா, தரையில இழுத்த கோடு நல்லாத் தெரியும், பின்னாடி ஆள் தடம் இருக்காது. பேயி, காந்தம்னு ஆளாளுக்குக் கதை விட்டாங்க. 2014ல விசயம் வெளிய வந்துச்சு. குளிர்காலத்துல கொஞ்சம் மழைத்தண்ணி தேங்கி ராத்திரியில மெல்லிசா உறையும். பகல்ல அந்த ஐஸ் தகடு உடைஞ்சு, காத்து தள்ள, கல்லையும் தள்ளிக்கிட்டுப் போகுது. ஆக அதுவும் குளிர்காலத்துச் சங்கதி. அந்த ஊர்க் கல்லுகூட சூலையில நகராது, பேராண்டி.

மேடு ஏறும்போது ஏசியை அணைக்கச் சொல்லி ரோட்டோரம் போர்டு வரும். விளையாட்டுக்கு வைக்கலை. நெடுகக் கிலோமீட்டர் கணக்கா ஏத்தம், எஞ்சின் கொதிச்சுரும். ஏசியை அணைச்சு, கண்ணாடியை இறக்கி, வேர்த்துக்கிட்டே ஏறு. ‘கோவில்பட்டிக்காரன்’னு அப்ப சொல்லிக்க. பெட்ரோல் பாதி டேங்குக்குக் கீழ எறங்க விடாதே. பூங்காவுக்கு உள்ள விலை கண்ணைக் கட்டும், ஆனா வண்டி நின்ன பொறவு அதுவே மலிவா தோணும்.

வழி. ‘கூகுள் இருக்கு’. இருக்கும், டவர் இருக்கிற வரைக்கும். பூங்காவுல பெரும்பாலான எடத்துல சிக்னல் கிடையாது. ஆபீசுல காகித மேப் குடுப்பாங்க, வாங்கி மடிச்சு வை. போன்ல ஒரு கோடு தெரியுதுன்னு அது ரோடாயிராது. என்னைக்கோ சுரங்கம் தோண்டினவன் கழுதையை ஓட்டின தடமா இருக்கும். அந்தப் பள்ளத்துக்குப் பேரு வந்ததே குறுக்கு வழியாலதான். 1849 டிசம்பர்ல, தங்கம் தேடிக் கிளம்பின கூட்டம் ஒண்ணு சுருக்கா போயிரலாம்னு கூட்டத்தை விட்டுப் பிரிஞ்சு உள்ள எறங்கி மாட்டிக்கிச்சு. வண்டியை உடைச்சு எரிச்சு, இழுத்துட்டு வந்த மாட்டையே அடிச்சு வாட்டித் தின்னு, நடந்து வெளிய வந்தாங்க. அது குளிர்காலம், அதனாலதான் வந்தாங்க.

1996 சூலையில ஜெர்மனியில இருந்து ஒரு குடும்பம் போச்சு. ரெண்டு பெரியவங்க, ரெண்டு சின்னப் புள்ளைங்க. வாடகைக்கு எடுத்த வேன், மண் ரோடு. அக்டோபர்ல வேனைக் கண்டுபிடிச்சாங்க. மூணு டயர்ல காத்து இல்லே, ஆள் இல்லே. எலும்பு கிடைக்க 2009 ஆச்சு, வேன் நின்ன எடத்துல இருந்து பல மைல் தள்ளி. இதுல கேலி பண்ண ஒண்ணும் இல்லே. வண்டி நின்னா வண்டியை விட்டு நகராதே. அவ்வளவு பெரிய காட்டுல நிழலுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். மேல இருந்து தேடுறவன் கண்ணுக்குப் படுறதும் அதுதான். ‘இந்தா, அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம்தான் ரோடு’ன்னு எவனாவது கிளம்பினா, சட்டையைப் பிடிச்சு உக்கார வை.

இதெல்லாம் சொல்லிட்டு வெள்ளத்துக்கும் தயாரா போன்னு சொன்னா, கிழவனுக்குப் புத்தி பிசகிருச்சும்பே. வருசத்துக்கே அஞ்சாறு சென்டிமீட்டர்தான் அங்க மழை. நமக்கு ஐப்பசியில ஒரு நல்ல ராத்திரிக்குக் காணும். ஆனா பெய்யறது சூலை, ஆகஸ்டுல திடுதிப்புன்னு பெஞ்சா, அந்தத் தரை குடிக்காது. மலையில இருந்து கல்லும் சேறுமா உருண்டு வரும். 2022 ஆகஸ்டு 5ல 37 மில்லிமீட்டர் பெஞ்சுச்சு. ஆயிரம் பேரு மாட்டிக்கிட்டாங்க, லாட்ஜு வாசல்ல நின்ன காரெல்லாம் சேத்துக்குள்ள. அடுத்த வருசம் ஆகஸ்டு 20ல ஹிலரின்னு ஒரு புயல், ஒரே நாள்ல 56 மில்லிமீட்டர். ரெண்டு மாசம் பூங்காவைப் பூட்டிட்டாங்க. உப்புத் தரையில ஏரி நின்னு, 2024 தொடக்கத்துல சனங்க அதுல படகு விட்டாங்க. அதனால தலைக்கு மேல நீலமா இருக்குன்னு நம்பி வறண்ட ஓடைக்குள்ள வண்டியை நிறுத்தாதே. எந்த ரோடு திறந்திருக்கு, எது அடைச்சிருக்குன்னு ரேஞ்சர் ஆபீசுல அன்னன்னிக்குக் கேளு. கேட்டா கௌரவம் குறையாது, அவங்க சம்பளம் வாங்கறதே அதுக்குத்தான்.

அந்த உப்புத் தரைக்குப் பேட்வாட்டர்னு பேரு. கடல் மட்டத்துக்கு 86 மீட்டர் கீழ. நீ நிக்கிற எடத்துல இருந்து அண்ணாந்து பாத்தா, பாறையில ஒசரத்துல ஒரு சின்னப் போர்டு தெரியும், கடல் மட்டம் இதுன்னு. நில அளவைக்கு வந்த ஒருத்தரோட கோவேறு கழுதை அங்க இருக்கற குட்டைத் தண்ணியைக் குடிக்க மாட்டேன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சாம், அதுல வந்த பேரு. அது தப்பிச்சுது. உப்பு நல்ல வெள்ளைதான், ஆறு பக்கம் ஏழு பக்கமா வரப்புக் கட்டிக் கிடக்கும். உங்க பாட்டி குனிஞ்சு ஒரு துணுக்கை நாக்குல வச்சுப் பாத்துட்டு, “தூத்துக்குடி உப்பளத்து உப்பு இதைவிட மேலு”ன்னு தீர்ப்பு சொல்லிட்டா. ஒரு கை அள்ளி டப்பாவுல போட்டுக்கிட்டு வந்துராதே. அங்க கல்லு, உப்பு, செடி எதையும் எடுக்கக் கூடாது. உப்புதான் வேணும்னா நான் பார்சல் போடுறேன்.

எனக்கு அங்க மனசுக்குப் பிடிச்சது ரெண்டு. மணல்மேட்டு ஓரம் ஒரு மரம் நின்னுச்சு. முள்ளு, சின்ன இலை, நீளக் காய். பக்கத்துல போய்ப் பாத்தா நம்ம வேலிக்கருவையோட சித்தப்பன் மகன்! மெஸ்கீட்டும்பாங்க. நம்ம காட்டைத் தின்னு தீத்ததே அந்த வம்சந்தான், கோர்ட்டு வரைக்கும் போயி வெட்டச் சொல்லி உத்தரவு வாங்கியிருக்கோம். அங்கயோ அதுக்கு ஏக மரியாதை. டிம்பிசா சனங்க அந்தக் காயை இடிச்சு மாவாக்கித் தின்னு தலைமுறை தலைமுறையா பொழைச்சிருக்காங்க. வேர் ஆழத்துல தண்ணியைத் தேடிப் பிடிக்கும், அதனால அது நிக்கற எடத்துல அடியில தண்ணி இருக்குன்னு அர்த்தம். சொந்த ஊருல பெரிய மனுசனா இருக்கறவன் வெளியூரு வந்தா எப்படியெல்லாம் ஆடுறான் பாரு.

இன்னொண்ணு வைல்ட்ரோஸ் மலைமேல. 2,000 மீட்டர் ஒசரம். கல்லுல கட்டின கரிச்சூளை பத்து, வரிசையா. பத்துக் குலுக்கையைக் கவுத்து வச்சது கணக்கா, ஒவ்வொண்ணும் ஏழு மீட்டருக்கு மேல. 1877ல கட்டினது. கீழ இருந்த வெள்ளி, ஈயச் சுரங்கத்துக்குக் கரி வேணும்னு மலையில இருந்த பைனையும் ஜூனிபரையும் வெட்டி, உள்ள அடுக்கி, மூட்டி, வாசலை அடைச்சு, காத்து ஓட்டையைத் திறந்து மூடி எரிச்சிருக்கான். ரெண்டு மூணு வருசத்துல கைவிட்டுட்டுப் போயிட்டான். நான் ஒண்ணுக்குள்ள நொழைஞ்சு நின்னேன். சுவர் இன்னும் கருப்புதான். விளாத்திகுளம் பக்கம் மூட்டம் போடறவன் மண்ணைப் பூசி, வெள்ளைப் புகை நீலமா மாறுற வரைக்கும் ராத்திரியெல்லாம் முழிச்சுப் பாத்துக்கிட்டு இருப்பானே, அதே வேலை, இவன் கல்லுல செஞ்சிருக்கான். உங்கப்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் செல்ஃபி எடுத்துக்கிட்டு இருந்தான்.

நீ மாசத்தை மாத்தப் போறதில்லே, லீவு அப்பத்தான் கிடைக்கும், தெரியும். அப்ப நாலு நாள்ல பள்ளத்துக்கு ஒரு விடியக்காலை போதும். ஆறு மணிக்கு எறங்கி, அந்த டிகிரி போர்டு பக்கத்துல நின்னு படத்தை எடுத்துட்டு, ஒன்பதுக்குள்ள மேல ஏறிரு. டான்டேஸ் வியூன்னு ஒரு மேடு இருக்கு, 1,600 மீட்டருக்கு மேல. அங்க நின்னா மொத்தப் பள்ளமும் காலடியில கிடக்கும், சூடும் பத்துப் பதினாலு டிகிரி கம்மி. ரோடு திறந்திருந்தா கரிச்சூளைப் பக்கம் போயி மரத்தடியில படு. மரத்தடியில படுக்கறதுல உனக்கு அனுபவம் இருக்கு. ராத்திரி வானத்தைப் பாரு, விளக்கே இல்லாத எடம், அதுக்குன்னே பட்டம் வாங்கின பூங்கா அது. கைவிளக்கை அடிச்சுப் பாக்காம கல்லு இடுக்குல கையை விடாதே, தேளும் விரியனும் வெயில் தாழத்தான் வெளிய வரும். அதுங்களுக்கு இருக்கிற புத்தி.

உன் வீட்டுக்காரி வரலேன்னுட்டாளாமே. நல்லது. எந்த ரோட்டுல போறீங்க, எந்த லாட்ஜுல தங்குறீங்க, எத்தனை மணிக்குத் திரும்பிப் போன் போடுவீங்க, போடலேன்னா அவ யாருக்குப் போன் போடணும், இதையெல்லாம் ஒரு தாள்ல எழுதி அவகிட்ட குடு. வாட்ஸ்அப்ல வேண்டாம், ஃபிரிட்ஜு கதவுல ஒட்டு. எனக்கு எழுத வேண்டாம். அங்க மத்தியானம்னா இங்க நடுராத்திரி. 50 டிகிரியில நின்னுக்கிட்டு வீடியோ கால் போட்டு, ‘தாத்தா, வெயிலைப் பாருங்க’ன்னு நீ காட்டுறதுக்கு அங்க டவரும் கிடையாது. ரெண்டு பேரும் நிம்மதியா இருக்கலாம்.